கேமரா போகாத முகாம்

ஜான் ஹஸ்டன் 1943-ல் எடுத்த ‘ரிப்போர்ட் ஃப்ரம் தி அலூஷியன்ஸ்’ படம் பார்த்தேன். அலாஸ்காவின் மேற்கில் அடாக் தீவு. மூடுபனி, சேறு, ஓயாத காற்று. அமெரிக்கச் சிப்பாய்கள் கூடாரத்தில் கிடக்கிறார்கள், ஓடுபாதை போடுகிறார்கள், ஜப்பான் பிடித்திருந்த கிஸ்கா மேல் குண்டு போடப் பறக்கிறார்கள். அவங்க பட்ட கஷ்டம் பொய்யில்ல.

ஆனா அந்த மண்ணுக்காரர்களான உனங்கன் மக்கள் எங்கே? 1942-ல் 881 பேரை, பாதுகாப்பு என்று சொல்லி, அதே அரசாங்கம் கப்பலேற்றியது. தென்கிழக்கு அலாஸ்காவில், கைவிட்ட மீன் ஆலைகள் போன்ற இடங்களில் அடைத்தது. நோயிலும் கவனிப்பின்மையிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் செத்தார்கள். மன்னிப்புக் கேட்கும் சட்டம் வந்தது 1988-ல்.

சிப்பாயின் கூடாரத்துக்குள் நுழைந்த கேமரா அந்த முகாமுக்குள் போகல. படமெடுத்ததே ராணுவம்தானே! இனி எந்தப் போர்ப்படம் பார்த்தாலும் கேளுங்க: மண்ணு யாருது, கேமரா யாருது?