ஜெராக்ஸ் மிஷினும் அமானிதமும்

 

நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஜெராக்ஸ், ஸ்கேன், பிரிண்ட் மூன்றும் செய்யும் மிஷின் வாங்கவிருக்கிறோம். "பழையது பாதி விலைக்குக் கிடைக்குமே" என்கிறீர்கள். மிஷின் விலை மட்டும் கணக்கல்ல. டோனர் விலை என்ன, அதில் எத்தனை பக்கம் வரும் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். பழுதானால் சேலத்திலிருந்தே ஆள் வர வேண்டும்.

இவற்றைவிடப் பெரிது ஒன்று உண்டு. அலுவலக மிஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. நகலெடுத்த காகிதம் அதில் பதிந்து தங்கிவிடலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், டிஸ்க்கை அழிக்காமல் வாடகை மிஷின்களைத் திருப்பிக் கொடுத்தது. சுமார் 3,44,000 பேரின் விவரம் வெளியே போயிருக்கலாம் என்றானது. 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது.

உங்கள் ஆதார், வருமானச் சான்று, விதவைத் தாய்மார்களின் உதவித்தொகை மனு எல்லாமே எங்களிடம் அமானிதம். ஆகவே பழையதோ புதியதோ, பதிவை அழிக்கும் வசதி உள்ளதையே வாங்குவோம். மிஷினைக் கொடுக்கும் நாளில் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டே கொடுப்போம். செலவு சற்றுக் கூடும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.