ஆதரவும் பேணுதலும்: பழங்கணினிகளுக்கு விடைகொடுத்தல்



கணினித் துறையில் அடிக்கடி செவியில் விழும் தொடர் ஒன்றை இன்று ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். 'ஆதரவு நிறுத்தப்படுகிறது' என்பதே அத்தொடர். குறிப்பிட்ட பழைய கணினிகளுக்கு இயங்குதளத்தின் புதிய பதிப்புகள் இனி வாரா என்பது அதன் பொருள். ஆயினும், தமிழில் ஆதரவு என்னும் சொல் உதவியை மட்டும் குறிப்பதன்று. அன்பையும் புகலிடத்தையும் சேர்த்தே உணர்த்துவது. 'ஆதரவற்றோர்' என்னும் வழக்கு அதற்குச் சான்று. ஆகவே, ஆதரவு நிறுத்தம் என்றதும் யாரோ யாரையோ கைவிட்டுவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் ஓர் இயங்குதளத்தைப் பேணி வந்து, பின்னர் நிறுத்தும்போது, அவ்வாறு கருதுவது முறையாகுமா என்பதே நமது வினா.

லினக்ஸின் வரலாறு இதற்கு விடை தரும். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இன்டெல் 386 நுண்செயலி கொண்ட தம் கணினியில்தான் அதனை எழுதத் தொடங்கினார். அந்த 386க்குரிய நிரல் பகுதிகள் 2012 டிசம்பரில் நீக்கப்பட்டன. 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8ஆம் பதிப்பு, லினக்ஸ் பிறந்த வகைக் கணினியிலேயே இயங்காததாயிற்று.

இதற்குக் காரணம் மனமின்மை அன்று. நினைவகத்தில் உள்ள ஒரு மதிப்பை ஒப்பிட்டு, பொருந்தினால் மாற்றுவதை ஒரே படியில் செய்து முடிக்கும் கட்டளை ஒன்று 486 நுண்செயலியில் அறிமுகமாயிற்று. 386இல் அது இல்லை. ஆதலால் அந்த ஒன்றிற்காக மாற்றுவழி நிரல்களைத் தனியே சுமக்க வேண்டியிருந்தது. அருகிலுள்ள நிரலை எவர் திருத்தினாலும், அந்த மாற்றுவழி பழுதுபடாமல் இருக்கின்றதா என்று பார்த்தாக வேண்டும். பயன்படுத்துவோர் மிக அருகிய பின்னும் அச்சுமை மட்டும் குறையவில்லை.

2018இல் வெளிவந்த 4.17ஆம் பதிப்பில், பிளாக்ஃபின், டைல் உள்ளிட்ட 8 வகை நுண்செயலிகளுக்குரிய நிரல்கள் ஒருசேர நீக்கப்பட்டன. ஏறத்தாழ 5 இலட்சம் வரிகள் குறைந்தன. புதிய பதிப்புகளை அவ்வன்பொருள்களில் இயக்கிப் பார்ப்பவர் எவரும் இலர் என்ற நிலை வந்த பின்னரே அவை நீக்கப்பட்டன.

டெபியன் என்னும் தன்னார்வலர் அமைப்பு, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் ஒன்றை வெளியிட்டு வருகிறது. அதில் 60,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் உள்ளன. ஒரு நுண்செயலி வகையை ஏற்பதென்றால், அத்தனை பொதிகளையும் அதற்கென உருவாக்க வேண்டும். இயங்காதவற்றைச் செப்பனிட வேண்டும். பாதுகாப்புக் குறைகளை அடைக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல், 32 பிட் தனிக் கணினிகளுக்கான நிறுவியும் கருநிரலும் இடம்பெறவில்லை. அத்தகைய கணினி உடையோர் புதிய பதிப்பிற்கு மாற வேண்டா என்றும், இயலுமாயின் 64 பிட் பதிப்பை நிறுவலாம், இயலாதெனில் வன்பொருளுக்கு ஓய்வு தரலாம் என்றும் அவ்வமைப்பு வெளிப்படையாகவே அறிவுறுத்தியது.

எனவே, இப்பணிக்கு ஆதரவு என்பதைவிடப் பேணுதல் என்பதே பொருத்தமான சொல் என்று கருதுகிறோம். ஆதரவு, தருபவர் பெறுபவர் என்னும் உறவைக் காட்டுகிறது. பேணுதலோ நாள்தோறும் செய்யப்படும் வினையைக் காட்டுகிறது. வினை என்றால் வினை செய்வோர் வேண்டும். செய்வோர் இல்லாதபோதும் 'ஆதரவு உண்டு' என்று பட்டியலில் எழுதி வைப்பது, பயனரை ஆபத்தில் தள்ளும் பொய்யாகிவிடும். நாள் குறித்து, வழி காட்டி, முடிவை அறிவிப்பதும் பேணுதலின் ஒரு பகுதியே.

மேலும், மூலநிரல் திறந்திருப்பதால், அவர்கள் நிறுத்தியதை வேறொருவர் தொடரலாம். மோட்டரோலா 68000 குடும்ப நுண்செயலிகள் 2007இல் வெளிவந்த டெபியன் 4.0இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆயினும் ஆர்வலர் சிலர் அதனைத் தனியே பேணி வருகின்றனர். நிறுவனம் பூட்டி வைத்த மென்பொருளில் இவ்வாய்ப்பு இல்லை.

இழப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. புதிய கணினி வாங்க இயலாத மாணவர்க்கும் பள்ளிக்கும், பழங்கணினியை வாழவைத்தவை இத்தகைய இயங்குதளங்களே. அவர்கள் இழப்பது உண்மையான இழப்பு. அதற்குரிய பொறுப்பைச் சில தன்னார்வலர் தோள்களில் மட்டும் ஏற்றிவிட்டு, சமூகம் ஒதுங்கி நிற்பது அறமாகாது.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் உடனடிக் கடமை ஒன்றும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன், டிஸ்கி, டாம், டாப் போன்ற குறியேற்றங்களில் நாம் தட்டெழுதிய பாடக் குறிப்புகளும் சொற்பட்டியல்களும் பழங்கணினிகளில் இன்னும் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். கணினி ஓய்வு பெறும் முன்னரே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களிலேனும் சேமித்து வைத்தல் வேண்டும். கணினிக்கு விடைகொடுக்கலாம், அதனுள் இருக்கும் தமிழுக்கு விடைகொடுத்தல் ஆகாது.

மாணவச் செல்வங்களே, கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பிழையைக் கண்டால் தெளிவாக எழுதித் தெரிவியுங்கள். ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுங்கள். பேணுவோர் கூட்டத்தில் நீங்களும் ஒருவராவீர்கள். மொழியும் அவ்வாறே பேணப்பட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது.