யார் செய்தால் அது கண்டுபிடிப்பு? ஜோ ஹேரியட்டும் நம் ஊர் நாயனமும்

(புதுச்சேரியில் நடந்த இசை கேட்கும் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் ஜாஸ் என்று சொன்னால், வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள உணவகங்களில் ராத்திரிச் சாப்பாட்டோடு கேட்கும் இசை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அந்த வாய்க்கால்தான் வெள்ளை நகரத்தையும் கறுப்பு நகரத்தையும் பிரித்த கோடு. கோட்டுக்கு மேற்கே, நம் ஆட்கள் ஜாதி வாரியாகத் தெரு பிரித்துக்கொண்டார்கள். வைசியாள் வீதி என்ற பெயரே அதற்குச் சான்று. ஜாஸ் பிறந்தது எந்த ஊரின் வெள்ளை நகரத்திலும் அல்ல. அது அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் உருவாக்கிய இசை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஜோ ஹேரியட்டைக் கேளுங்கள்.

நான் ஆய்வுக்காகப் பழைய நாயனப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தேடலில் தற்செயலாகக் கிடைத்த இசைத்தட்டு ‘ஹம் தோனோ’. ‘நாம் இருவரும்’ என்று பொருள். 1969இல் லண்டனில் வந்தது. அந்த இருவரில் ஒருவர் பம்பாயில் பிறந்த கோவா வம்சாவளிக் கிதார் கலைஞர் அமான்சியோ டி சில்வா. இன்னொருவர் ஹேரியட். பல பத்தாண்டுகள் அது மறுபதிப்பே காணாமல் கிடந்தது.

ஹேரியட் 1928இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்ற கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் வளர்ந்தார். இசையும் அங்கேதான் கற்றார். 1951இல் இங்கிலாந்துக்கு வந்தார். 1950களின் இறுதியில் நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் படுத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. தாளக் கணக்கு, சுருதிக் கோவை, மையமெட்டு இவையெல்லாம் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டுமா? ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால் என்ன? ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே அந்த நொடியில் இசையை உருவாக்க முடியாதா?

அந்த யோசனைதான் ‘ஃப்ரீ ஃபார்ம்’ என்ற இசைத்தட்டு ஆனது. 1960 நவம்பரில் பதிவானது. அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் ‘ஃப்ரீ ஜாஸ்’ தட்டைப் பதிவு செய்தது அதே ஆண்டு டிசம்பரில். கோல்மன் அதற்கு முன்பிருந்தே அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தவர், அவரும் கறுப்பினத்தவர்தான். ஆகவே யார் முந்தி என்ற போட்டி எனக்கு முக்கியமில்லை. ஹேரியட் கேட்டது தனிப்பாதை, ஆனால் விமர்சகர்கள் பலர் அவரைக் கோல்மனின் நகல் என்றார்கள். அதற்கு முன்னால் சார்லி பார்க்கரின் நகல் என்று சொல்லியிருந்தார்கள். லண்டனுக்குக் குடியேறிய ஒரு ஜமைக்காக்காரர் சொந்தமாக யோசித்திருப்பார் என்பதை நம்ப மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

1965இல் அவர் ஜான் மேயரோடு சேர்ந்தார். மேயர் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா ஆங்கிலோ இந்தியர், அம்மா தமிழர். லண்டனின் பெரிய இசைக்குழுக்களில் வயலின் வாசித்தவர். ஐந்து ஜாஸ் கலைஞர்கள், சிதார், தபலா, தம்புரா என இந்தியப் பக்கம் ஐந்து பேர். இப்படி உருவானதுதான் ‘இண்டோ ஜாஸ் சூட்’. அதற்குக் கிடைத்த வரவேற்பு ஹேரியட்டின் வாழ்க்கையை மாற்றவில்லை. 1973 ஜனவரியில், 44 வயதில், புற்றுநோயால், கையில் காசில்லாமல் இறந்தார்.

இதை ஏன் ஒரு ஜாதி ஒழிப்பு மேடையில் சொல்ல வேண்டும்? முன்கூட்டி எழுதி வைக்காமல், அந்த நொடியில் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பதை நம் தெருக்களில் யார் செய்தார்கள்? நாயனக்காரர்கள். ஊர்வலத்தில், சட்டை போட அனுமதியில்லாமல், நின்றபடியே செய்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சட்டை போட்டார், கிராப்பு வெட்டினார், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். 1947இல் விடுதலை நாளில் டெல்லியில் வாசித்தவரும் அவர்தான். அவருடைய தோடி இசைத்தட்டு ஊர் ஊராகப் போனது. ஆனால் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும். நாயனத்துக்குக் கோயில் வாசலாவது திறந்திருந்தது. பறைக்கு அதுவும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை வாத்தியங்களுக்குள்ளும் இருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளைக்கு விருது மறுக்கப்பட்டது என்று நாம் வருத்தப்படலாம். அதே காலத்தில் பறை அடித்தவர்களில் எத்தனை பேரை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் விட்டார்கள்? மறக்கப்படுவதற்குக்கூட முதலில் ஒரு பதிவு வேண்டும். ஹேரியட்டுக்கு அது இருந்தது. அதனால்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் நாம் அவரைக் கேட்க முடிகிறது.

“இசைக்கு ஏது ஜாதி? கேட்டோமா, ரசித்தோமா என்று போகவேண்டியதுதானே” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒலிக்கு ஜாதி இல்லை, சரி. ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவுக்கு இருக்கிறது. மேடைக்கு இருக்கிறது. ஆவணக் காப்பகத்தின் பெயர்ப்பட்டியலுக்கு இருக்கிறது.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகவும், நம் புதுச்சேரியின் தட்சிணாமூர்த்திக்குத் தவிலுக்காகவும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் ஒரு விருது ஒரு ஆளுக்குத்தான் போய்ச் சேரும். இணையத்தில் பறையாட்டக் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் படம் எடுத்தவர் பெயர் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும், திருவிழாப் பெயர் இருக்கும். அடித்தவர் பெயர் இருக்காது.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேலையைக் கேட்கிறேன். எல்லோர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. உங்கள் ஊரில் பறை, தவில், நாயனம், பேண்டு செட் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் போங்கள். அவர் சம்மதம் கேட்டு, முழுசாக ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார், அவரே சொந்தமாகக் கட்டிய அடி எது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம் ஆட்களை ‘பாரம்பரியக் கலைஞர்’ என்று சொல்லும்போது, அவர்கள் புதிதாக எதையும் யோசிக்கவில்லை என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். ஹேரியட்டை நகல் என்றவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

இப்போது ‘ஃப்ரீ ஃபார்ம்’ தட்டிலிருந்து ‘கலிப்ஸோ ஸ்கெட்சஸ்’ கேட்போம். ட்ரம்பெட்டில் செயின்ட் வின்சென்ட் தீவின் ஷேக் கீன், பாஸில் ஜமைக்காவின் கோல்ரிட்ஜ் கூட். பெயர்களையும் சேர்த்தே கேளுங்கள்.