கடைசல்: கையும் சொல்லும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வுப் பொழுதிற்கேற்ற கைத்தொழில்களுள் மரக்கடைசலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தமிழாசிரியனுக்கும் கடைசற்பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அத்தொடர்பு சொல்லிலேயே தொடங்குகின்றது.

தயிரைக் கடைகின்றோம், மரத்தையும் கடைகின்றோம். இரண்டு தொழிலுக்கும் ஒரே வினை பொருந்தியது எங்ஙனம்? மத்தின் தண்டிற் கயிற்றைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுக்க, மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். பழைய கடைசற்பட்டறையில் நிகழ்வதும் இஃதே. மரத்துண்டின் இரு தலைகளையும் இரு முளைகளுக்கிடையே நிறுத்தி, நடுவிற் கயிற்றையோ தோல்வாரையோ சுற்றி ஒருவர் மாறி மாறி இழுப்பார். மற்றொருவர் உளியைப் பிடிப்பார். மத்துச் சுழல வெண்ணெய் திரளும். மரம் சுழல வடிவம் திரளும். மலையாளத்தில் 'கடயுக' என்னுஞ் சொல் இவ்விரு பொருளிலும் வழங்குகின்றது. கன்னடத்திலும் கடைதலைக் 'கடெ' என்றே கூறுவர். இச்சொல் ஏட்டறையிற் பிறந்ததன்று; கையும் கயிறும் இயங்கிய இடத்திற் பிறந்தது.

இத்தொழில் மாந்த இனத்தின் பழந்தொழில்களுள் ஒன்று. எகிப்து நாட்டில், ஏறத்தாழ கி.மு. 300-ஐச் சார்ந்த பெதோசிரிசு என்பவரின் கல்லறையில், ஒருவர் வாரை இழுக்க மற்றொருவர் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. பின்னர் ஐரோப்பாவில், மேலே வளைந்துகொடுக்கும் நெடுங்கழியும் கீழே மிதிகட்டையும் கொண்ட பட்டறை பரவிற்று. காலால் மிதித்தால் மரம் உளியை நோக்கிச் சுழலும். காலைத் தூக்கினால் கழி நிமிர்ந்து மரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும். ஆகவே, மிதிக்கும்போது மட்டுமே உளி வெட்டும். ஒரே திசையில் ஓயாது சுழற்றும் பேருருளை சேர்ந்த பின்னரே வேலை விரைவுற்றது. இற்றைநாளில் அவ்விடத்தை மின்னோடி பெற்றுள்ளது.

பிழைப்பிற்கன்றி உவகைக்காகக் கடைந்தோரும் வரலாற்றில் உளர். உருசியப் பேரரசன் முதலாம் பீட்டர் (1672–1725) தன் அரண்மனையிலேயே கடைசற்பட்டறை அமைத்துத் தன் கையாற் கடைந்தான். ஆந்திரேய் நார்த்தோவ் என்னும் வல்லுநர் அவனுக்குத் துணைநின்றார். அக்காலக் கடைசற்பொறிகள் இன்றும் எர்மிட்டேசு காட்சியகத்தில் உள்ளன. பிரான்சு நாட்டுத் துறவியும் நிலைத்திணை நூலாருமான சார்லசு புளூமியே 1701-இல் கடைசற்கலை பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். நம் கோயில் முற்றங்களிற் பூக்கும் ஈழத்தலரிக்கு மேலைநாட்டு நிலைத்திணை நூலார் இட்ட பெயர், இவர் பெயரினின்று வந்ததே. அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் 1986-இலும் பிரித்தானியாவில் 1987-இலும் மரங்கடைவோர் தமக்கெனக் கழகங்கள் அமைத்துக்கொண்டனர். இவற்றில் தொழிலாளரும் உளர். பொழுதுபோக்கிற்குக் கடைவோரும் உளர்.

இவற்றை அயலாரைப் புகழ்வதற்காகக் கூறவில்லை. பேரரசன் உளி பிடித்தான். அவன் முடிக்கு இழுக்கு வரவில்லை. நம்மிடையிலோ பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளை உளியைத் தொட்டால், 'படித்தும் இந்த வேலையா?' என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உளர். கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், உட்கார்ந்து எழுதுபவன் உயர்ந்தவன் என்னும் பொய்ம்மை நம் குருதியில் ஊறிக்கிடக்கின்றது. பிறப்பால் தொழிலைப் பிரித்த கொடுமையின் எச்சம் அது. படித்தவன் ஓய்வு நேரத்தில் விரும்பிப் பட்டறைமுன் நின்றானாயின், அப்பொய்ம்மையின் வேரில் ஒரு வெட்டு விழும்.

இனி, தொழிலின் இயல்பைச் சுருங்கக் காண்போம். இழைக்கும்போது மரம் அசையாதிருக்க, உளி நகரும். கடையும்போது மரம் சுழல, உளி தாங்கியின் மேல் அமர்ந்திருக்கும். கடைசல் இருவகைப்படும். இரு முனைகளுக்கிடையே நீளவாக்கில் மரத்தைப் பிடித்துக் கடைவது ஒன்று; அப்பளக்குழவி, கட்டிற்கால், தொட்டிற்கால் என்பன இவ்வகையின. ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து, மறுபக்கத்தைக் குடைவது மற்றொன்று. மரக்கிண்ணமாகிய மரவை இவ்வகையினது. தொடங்குவோர் அப்பளக்குழவியிலோ பம்பரத்திலோ தொடங்குதல் நன்று. மரவைக்கு விரைதல் வேண்டா.

உளியைப் பிடிப்பதில் ஒரு நெறியுண்டு. கூர்முனையை எடுத்தவுடன் மரத்தில் ஊன்றலாகாது. முதலில் உளியின் சரிவுப்பரப்பு மரத்தைத் தொட்டு உராயட்டும். பின்னர்ப் பிடியை மெல்ல உயர்த்துக. கூர்முனை தானே மரத்தைச் சீவத் தொடங்கும். நீளவாக்கிற் கடையும்போது பருத்த இடத்தினின்று சிறுத்த இடம் நோக்கியே உளியை நகர்த்துதல் வேண்டும். மாறாகச் சென்றால் நார் பிய்ந்தெழும். முறையாகக் கடைந்தால் மரம் சுருள் சுருளாக வரும். துகளாக உதிர்ந்தால் உளி மழுங்கிற்றென்று அறிக.

விரைவையும் கணக்கிட்டறிதல் வேண்டும். 5 செ.மீ. விட்டமுள்ள கட்டை நிமையத்திற்கு, அஃதாவது 60 நொடிக்கு, 1500 முறை சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 14 கி.மீ. விரைவில் ஓடும். அதே சுழற்சியில் 25 செ.மீ. விட்டமுள்ள மரவையின் விளிம்போ மணிக்கு 70 கி.மீ. விரைவைத் தாண்டும். அவ்விரைவிற் பிய்ந்து தெறிக்கும் துண்டு கண்ணைக் கெடுக்கும்; உயிரையும் பறிக்கும். ஆதலின், பெரிய மரத்திற்குக் குறைந்த சுழற்சியே வேண்டும். பொறியை முடுக்குமுன் மரத்தைக் கையாற் சுற்றிப் பார்த்தல், முகக்காப்பு அணிதல், தொங்கும் துண்டையும் தளர்ந்த வேட்டியையும் கையுறையையும் தவிர்த்தல் ஆகியன கட்டாயம். மரத்துகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளது. மூக்கையும் வாயையும் மூடாது மரத்தைத் தேய்த்து மெருகிடுதல் கூடாது.

மரத்தை அறியாதவன் கடைசலை அறியான். அகத்தே காழ் உடையதை மரமென்றும் புறத்தே காழ் உடையதைப் புல்லென்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்துக் காட்டிற்று. அந்நூற்பாவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகின்றோம். பூவரசங்கட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்து மாணாக்கனிடம் கொடுங்கள். நடுவில் கருத்த காழையும் அதனைச் சூழ்ந்த வெளிறையும் அவன் தன் கண்ணாற் காண்பான். காழ் என்னுஞ் சொல்லை அதன்பின் அவன் மறவான்.

ஈரமரம் கடைதற்கு எளிது. ஆனால், உலரும்போது கோணும். மரம் நீளவாக்கில் மிகச் சிறிதே சுருங்கும். ஆண்டுவளையத்தின் போக்கிலோ ஆரத்தின் போக்கினும் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். அதனாலேயே ஈரத்தில் வட்டமாகக் கடைந்த மரவை உலர்ந்தபின் முட்டைவடிவாகின்றது. அறிந்தோர் முதலில் விட்டத்திற் பத்திலொரு பங்கு தடிப்பு விட்டுக் கடைந்து, நிழலிற் பன்மாதம் உலர்த்தி, மீண்டும் கடைவர். பொறுமையை மரமே கற்பிக்கும்.

நம் நாட்டுக் கடைசலின் பெருமை அரக்குப் பூச்சில் உள்ளது. நெல்லை மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் சொப்புகளைக் கடைவோரும், கருநாடகத்துச் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்திற் பொம்மை கடைவோரும் இதில் வல்லோர். சுழலும் மரத்தின்மேல் வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்திற் படியும். சென்னபட்டணத்தார் தாழை மடலால் தேய்த்து அதனைப் பளபளக்கச் செய்வர். தனியே அடுப்பும் வேண்டா, தூரிகையும் வேண்டா.

அத்தகைய கைவினைஞர் இன்று நெகிழிப் பொம்மைகளோடு போராடுகின்றனர். தொழில் குன்றினால் வருவாய் மட்டுமா குன்றும்? ஒவ்வொரு உளிக்கும், ஒவ்வொரு பிடிக்கும், மரத்தின் ஒவ்வொரு குற்றத்திற்கும் அவர்கள் நாவில் ஒரு பெயர் உண்டு. தொழிலோடு அச்சொற்களும் மாயும். நாமோ அகரமுதலியைப் புரட்டி, அயற்சொல்லுக்கு மாற்றாக இரவெல்லாம் விழித்துப் புதுச்சொல் ஆக்குகின்றோம். புதுச்சொல் ஆக்குக; வேண்டா என்று யான் கூறேன். ஆனால், நான்கு தெரு தள்ளியுள்ள பட்டறையில் அதே கருவிக்கு வாழுஞ்சொல் ஒன்று இருக்க, அதனைக் கேளாமலே நாம் ஆக்கும் சொல் எவர் நாவில் ஏறும்? தூய தமிழைத் தேடுவோர் முதலிற் செல்ல வேண்டிய இடங்களுள் தொழிலாளியின் பட்டறையும் ஒன்று.

ஆகவே, உங்களை மூன்று வேண்டுகின்றேன். ஒன்று, விடுமுறையில் ஒரு கைவினைஞரிடம் சென்று, உரிய கட்டணம் கொடுத்துக் கடைசல் பயிலுங்கள், இலவயமாகக் கேட்காதீர்கள். அவர் கலைக்கு அது விலையன்று; அவர் பொழுதிற்கு நாம் காட்டும் மதிப்பு. இரண்டு, அவர் வாயில் வரும் சொற்களைப் பொருளோடும் ஊர்ப்பெயரோடும் குறித்து வையுங்கள். அவற்றை உங்கள் விருப்பப்படி திருத்தாதீர்கள். மூன்று, நீங்கள் கடைந்த முதற் பம்பரத்தை உங்கள் பிள்ளையின் கையிற் கொடுங்கள். அது சற்றுக் கோணி ஆடினாலும் ஆடட்டும்.

எழுதுகோல் பிடித்த கை உளியையும் பிடிக்கட்டும்.