மஞ்சள் தண்ணீரும் மண்ணுக்கடியில் ஒரு பட்டாளமும்
(பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா. ஆனா பசங்களுக்குத் தூக்கம் வரக்கூடாது" என்றார் செயலாளர். கழிவுநீரைச் சுத்திகரிப்பதுதான் என் தொழில். ஆகவே, அணுக்கழிவு கலந்த நிலத்தடி நீரில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிப் பேசப் போகிறேன். "அம்பத்தூருக்கும் அணுக்கழிவுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. சொல்கிறேன்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டிய இடம். அங்கே 1951 முதல் 1983 வரை, யுரேனியமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கழிவை நான்கு குட்டைகளில் விட்டார்கள். அடியில் தளம் போடாத வெறும் மண் குட்டைகள். பிறகு அவற்றை மூடி, மேலே தார் போட்டு, வண்டி நிறுத்துமிடமாக்கி விட்டார்கள். மேலே கார் நிற்கிறது; கீழே விஷம் நகர்கிறது.

அந்தத் தண்ணீரில் எதுவும் உயிர் வாழாது என்றுதானே நினைப்போம்? வாழ்கிறது. அங்குள்ள 93 கிணறுகளின் நீரை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கிணற்றில் எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று அதன் மரபணுவை மட்டும் பார்த்தே, அங்கே யுரேனியம் கலந்திருக்கிறதா என்று கணிக்க முடிந்ததாம். மனிதர்கள் மூடி மறைத்தாலும் கிருமிகள் சாட்சி சொல்லி விடுகின்றன!

இன்னொரு வகை, சாட்சி சொல்வதோடு நிற்காமல் வேலையும் செய்கிறது. அதன் பெயர் ஜியோபாக்டர். அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் 1987-இல் டெரிக் லவ்லி என்ற விஞ்ஞானி கண்டெடுத்தது. நாம் சாப்பாட்டிலிருந்து எடுக்கும் எலெக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். அதற்குப் பெயர்தான் சுவாசம். ஆக்சிஜன் இல்லாத மண்ணுக்கடியில் இந்த ஜியோபாக்டர் எலெக்ட்ரான்களை இரும்புத் துருவிடம் ஒப்படைக்கிறது. யுரேனியம் கிடைத்தால் அதனிடமும் ஒப்படைக்கும். ஆறு இணைதிறன் உள்ள யுரேனியம் நீரில் கரைந்து ஊர் ஊராகப் போகும். இரண்டு எலெக்ட்ரான் கிடைத்து நான்காக மாறிவிட்டால் கரையாது. வண்டலாகப் படிந்து அங்கேயே உட்கார்ந்து விடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதை 2002-இல் கொலராடோ மாநிலத்தின் ரைஃபிள் என்ற ஊரில், பழைய யுரேனிய ஆலை இருந்த இடத்தில் செய்து பார்த்தார்கள். வினிகரில் உள்ள அமிலத்தின் உப்பான அசெட்டேட்டை நிலத்தடி நீரில் செலுத்தினார்கள். பாக்டீரியாவுக்கு விருந்து! 9 நாளிலேயே யுரேனியம் குறைய ஆரம்பித்தது. 50 நாளுக்குள் சில கிணறுகளில் நிர்ணயித்த அளவுக்கும் கீழே போய்விட்டது. கைதட்டி விடாதீர்கள், கதை முடியவில்லை. கொஞ்ச நாளில் சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் வேறு வகைக் கிருமிகளின் கை ஓங்கியது. ஜியோபாக்டர் குறைந்தது. யுரேனியம் மறுபடி ஏறியது.

இதிலிருந்து எஞ்சினியர் படிக்க வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று, பாக்டீரியா கதிரியக்கத்தை அழிப்பதில்லை. யுரேனியம்-238 பாதியாகக் குறையவே சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். அதை எந்தக் கிருமியாலும் மாற்ற முடியாது. ஓடுவதை உட்கார வைக்கிறது, அவ்வளவே. இரண்டு, ஆக்சிஜன் உள்ளே புகுந்தால் உட்கார்ந்தது மறுபடி எழுந்து ஓடும். ஆகவே காவல் என்றைக்கும் வேண்டும்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். நம் பக்கத்தில் யுரேனிய ஆலை இல்லை. ஆனால் குரோமியம் இருக்கிறது. அதற்கும் ஏறக்குறைய இதே இலக்கணம்தான். குரோமியம்-ஆறு மஞ்சளாகக் கரைந்து ஓடும், புற்றுநோய் தரும். குரோமியம்-மூன்று பெரும்பாலும் கரையாமல் படியும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுச் சென்றது. குரோமியம்-ஆறை மூன்றாக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. கல்பாக்கத்தில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வுக்கூடத்தில், பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து உருண்டைகளாகி இந்த வேலையைச் செய்வதை 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் ஆட்களும் இந்த வழியில் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி, நான் இந்தத் தலைப்பை எடுத்த காரணம். படிப்பு முடித்த புதிதில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு குரோம் பிளேட்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போவேன். கழுவு தொட்டியின் அடியில் விரிசல் விட்டிருந்தது எனக்குத் தெரியும். மேலே சொன்னேன், "பார்த்துக்கலாம்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் பின்தெருவில் ஓர் அம்மா, எவர்சில்வர் குடத்தைச் சாய்த்துக் காட்டி, "தம்பி, நீ படிச்ச புள்ளதானே, போர் தண்ணி இப்படி மஞ்சளா வருதே, குடிக்கலாமா?" என்று கேட்டார். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். சொல்லவே இல்லை. ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். "குடிக்காதீங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது.

தம்பி தங்கைகளே, மண்ணுக்கடியில் பட்டாளம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து விடாதீர்கள். அது நாம் செய்த தப்பைக் கொஞ்சம் குறைக்கும். விரிசலை அடைக்க வேண்டியது நாம்தான். நாளை உங்களிடமும் யாராவது ஒரு குடத்தைச் சாய்த்துக் காட்டுவார்கள். அன்றைக்கே பதில் சொல்லி விடுங்கள்.