எல்லை தாண்டும்போது அட்டை நம் மடியில் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



முக்திநாத் கோவிலைப் பற்றிப் போன கூட்டத்திலேயே நிறையப் பேசியாச்சு. இன்றைக்கு, பஸ்ஸில் நாடு விட்டு நாடு தாண்டியதை மட்டும் சொல்கிறோம். அடுத்து கிளம்பப் போகிறவர்களுக்கு அதுதான் உபயோகம்.

கோரக்பூரிலிருந்து சோனௌலிக்கு மூன்று மணி நேரம். உத்தரப்பிரதேசத்தின் கடைசி ஊர். எல்லை என்றால் முள்வேலியும் துப்பாக்கியும்தான் என்று நினைத்துப் போனோம். பார்த்தால் கடைத்தெரு! நடுவே ஒரு வளைவு, அதைத் தாண்டினால் பெலஹியா, நேபாளம். ஜனங்கள் சைக்கிளில் மூட்டையோடு போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். 1950-ல் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தம் இருப்பதால் நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும். ஆதார் அட்டையைக் காட்டிப் போவது 15 வயதுக்குக் கீழே, 65-க்கு மேலே உள்ளவர்களுக்குத்தான். மற்றவர்கள் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பஸ்ஸில் வழிகாட்டித் தம்பி, "எல்லாரும் அட்டையைக் குடுங்கம்மா, ஒண்ணா காட்டிடறேன்" என்று பையை நீட்டினார். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் குழுவின் மூத்த அக்கா, "ஜெராக்ஸ் வாங்கிக்கோ தம்பி, அசல் எங்க மடியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இந்திய பஸ் நேபாளத்தில் ஓட 'பன்சார்' என்று நாள் கணக்கில் சுங்கம் கட்டி ரசீது வாங்க வேண்டும். தம்பியும் டிரைவரும் அதற்குப் போய்விட்டார்கள். கழிப்பறை தேடிப் போன எங்களில் நாலு பேரை எல்லைக்காவல் பெண் போலீசார் நிறுத்திவிட்டார்கள். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. மடியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினோம், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

பொம்பளைகளை மட்டும் ஏன் நிறுத்துகிறார்கள் என்று எங்களுக்குக் கோபம். பிறகுதான் விவரம் கேட்டோம். வேலை வாங்கித் தருகிறேன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று ஏமாற்றி, நேபாளத்துப் பெண் பிள்ளைகளை இந்த மாதிரித் திறந்த எல்லை வழியாகத்தான் கடத்துகிறார்களாம். அனுராதா கொய்ராலா என்ற அம்மா 1993-ல் 'மைதி நேபாள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மைதி என்றால் பிறந்த வீடு. அதன் பெண்கள் எல்லைச் சாவடிகளில் நின்று, எங்கே போகிறாய், கூட வருகிறவன் யார் என்று விசாரித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார்கள். கடத்தப்பட்டு மீண்டு வந்த பெண்களும் அந்த வேலையில் நிற்கிறார்கள். இதைக் கேட்டதும் எங்கள் கோபம் போன இடம் தெரியவில்லை. எத்தனை பேரை வேண்டுமானாலும் நிறுத்தட்டும்!

இனி பணக் கணக்கு. நம் 1 ரூபாய், அங்கே 1 ரூபாய் 60 காசு. 1993 முதல் இதே கணக்குதான். கடைக்காரர் விலை சொன்னால் "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று கேளுங்கள். ஐ.சி. நம் பணம், என்.சி. அவர்கள் பணம். என்.சி.யில் 160 என்றால் நம் 100 ரூபாய். உட்கடனுக்கு வட்டி போடுகிற நமக்கு இது ஒரு கணக்கா? 2018 டிசம்பரில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட நம் நோட்டுகளுக்கு அங்கே தடை போட்டார்கள். இந்த விதி மாறக்கூடியது, கிளம்பும் முன் வங்கியில் கேளுங்கள். நூறு ரூபாய் நோட்டாக வைத்துக்கொண்டால் கவலையில்லை.

கடிகாரமும் கால் மணி முன்னே போகிறது. லும்பினியில் நாலு மணிக்கு பஸ் என்றால், நம் ஊர்க் கடிகாரத்தில் மூணே முக்காலுக்கே வந்து நிற்க வேண்டும்.

அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் வாக்காளர் அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயரோ வயதோ தப்பாக இருந்தால் படிவம் 8 கொடுத்துத் திருத்துங்கள். அட்டையே இல்லாதவர்களுக்குப் படிவம் 6. புது அட்டை கைக்கு வர நாளாகும், இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.