கருப்பை வாய்ப் புற்றுநோயும் இரு மரபணுக்களும்

(தோட்டப் பெண்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நாம் சீவும் பால்மரத்தின் இலையிலும் பட்டையிலும் உள்ள மரபணுக்கள் ஒன்றேயாம். ஆயினும் இலையைச் சீவி மங்கில் பால் பிடிப்பார் யாருமில்லை. எந்த மரபணு எவ்விடத்தில் விழித்து வேலை செய்கிறது, எது உறங்குகிறது என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். நம் உடலின் உயிரணுக்களும் அவ்வாறே.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் இவ்வொழுங்கு குலைகிறது. ஏறத்தாழ எப்போதும் அதனைக் குலைப்பது எச்.பி.வி. என்னும் வைரசு. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் 1983ஆம் ஆண்டில் இதன் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் புற்றுத் திசுக்களில் கண்டனர். அதற்காக 2008ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

உடலுறவின் வழியே மிகச் சாதாரணமாகத் தொற்றும் இவ்வைரசு, பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். ஆகவே, இதனைக் கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடுதல் வெறும் அறியாமை என்றே சொல்வோம். அத்தகைய பேச்சுக்கு அஞ்சிச் சோதனைக்குப் போகாதிருப்போர் பலர்.

மறையாது தங்கிய வைரசின் இ6, இ7 என்னும் இரு மரபணுக்களே கேடு விளைப்பன. பழுதுற்ற உயிரணுவைப் பெருகவிடாது தடுக்கும் காவற்புரதம் பி53. இ6 அதனை அழியச் செய்கிறது. ஆர்பி என்னும் மற்றொரு காவலை இ7 முடக்குகிறது. உடனே, உறங்க வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொள்ள, உயிரணு ஓயாமல் பிரிகிறது. பி16 என்னும் புரதமும் அதனுள் மிகுந்து குவிகிறது. மருத்துவர்கள் திசுவுக்குச் சாயமேற்றி, இக்குவியலைக் கொண்டே நோயின் தடத்தை அறிகின்றனர்.

அமெரிக்காவில் புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தவர் ஹென்றியெட்டா லாக்ஸ். ஐந்து பிள்ளைகளின் தாயான அவர், 1951ஆம் ஆண்டில் தமது 31ஆம் வயதில் இந்நோயால் மாண்டார். அவரைக் கேளாமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அவற்றில் இ6, இ7 மரபணுக்களை அடக்கியபோது, பி53 மீண்டும் தலைதூக்கியது, பெருக்கமும் நின்றது. அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் காவற்காரன் சாகவில்லை. கைகால் கட்டுண்டே கிடந்தான்!

இதனை நோயாளியின் உடலிலே செய்யவல்ல மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை. ஆனால், தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குள்ள வாய்ப்பு. நம் நாட்டில் 13 வயது மாணவியர்க்கான தடுப்பூசித் திட்டம் 2010ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரசை அவ்வூசி வெளியேற்றாது. ஆதலால் 30 வயதைக் கடந்த தாய்மார்களுக்குச் சோதனையே வேண்டும். எச்.பி.வி. சோதனைக்குரிய மாதிரியைத் தாதி காட்டும் முறைப்படி, திரை மறைவில், சிறு பஞ்சுக் குச்சியால் நீங்களே எடுத்துத் தரலாம். சில நிமிட வேலைதான்.